உயிரின் உரிமையும் உள்ளத்தின் ஒடுக்கமும்

உயிர் தன் விருப்பின்படி ஒன்றைத் தெரிந்து செய்யும் உரிமை உடையதோ, அன்றி ஊழால் உந்தப்பட்டுச் செல்லும் கருவி மாத்திரையாய் நிற்பதோ என்னும் வினா, சமய நூல் பயில்வார் எல்லார்க்கும் ஒரு காலத்து நிகழ்வதேயாம். உரிமை உடையதெனின், அனைத்தும் இறைவன் ஆணைவழி நிகழ்வன என்னும் கோட்பாடு நிலைபெறாது. உரிமை இலதெனின், விதியும் விலக்கும் வகுத்த நூல்களும், சரியை முதலிய நாற்பாதங்களும், ஆசிரியன் உபதேசமும் பயனிலவாய் முடியும். இவ்விரு முடிபுகட்கும் இடையே வழி காணாது கற்றார் பலர் இடர்ப்படுகின்றனர். இவ்விடர்ப்பாடு ஏட்டளவில் நிற்பதன்று. எல்லாம் அவன் செயல் என்று சொல்லிக்கொண்டு நித்திய கருமங்களை நெகிழ விடுவாரும் உளர். என் முயற்சியால் மனத்தை அடக்கினேன் என்று தருக்குவாரும் உளர். இருதிறத்தாரும் ஒரே மயக்கத்தின் இருபுறத்தும் நிற்பவராதலையும், அதனைத் தீர்க்கும் மருந்து இன்னதென்பதையும் ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

ஆராய்ச்சிக்கு உதவியாக, நடுநாட்டு வழியே நிகழ்ந்த ஒரு செலவினை முதற்கண் எடுத்துக்கொள்வாம்.

திண்டிவனத்திற்குப் பெற்ற சீட்டு

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 29-ஆம் நாள், மதுரையிற் பயின்றுகொண்டிருந்த வேங்கடராமன் என்னும் பதினாறு வயது மாணவர், திருவண்ணாமலைக்குச் செல்லத் துணிந்து மனையை விட்டு நீங்கினார். பின்னாளில் இரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர் அவரே. தமையனாரின் கல்லூரிக் கட்டணத்திற்கென வைத்திருந்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, எஞ்சிய இரண்டையும் ஒரு முடங்கலுடன் வைத்துச் சென்றார். அம்முடங்கல் 'நான்' என்று தன்மையிடத்தில் தொடங்கி, 'இது' என்று அஃறிணைப் படர்க்கைக்கு மாறி, கையொப்பமின்றி முடிந்தது. இம்மாற்றத்தை அன்பர்கள் நினைவிற் கொள்க, பின்னர் வேண்டப்படும்.

பழைய நிலப்படம் ஒன்றில் திருவண்ணாமலைக்கு அணித்தாகிய புகைவண்டி நிலையம் திண்டிவனமே எனக் காணப்பட்டமையின், அவர் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துத் திண்டிவனத்திற்குச் சீட்டுப் பெற்றார். விழுப்புரத்தினின்று காட்பாடி நோக்கிச் செல்லும் இருப்புப்பாதை திருவண்ணாமலை வழியே அமைந்திருந்தமை அவர்க்குத் தெரியாது. நிலையத்திலிருந்த கட்டணப் பலகையில் இன்னுஞ் சில வரி கீழே நோக்கியிருப்பின், திருவண்ணாமலையின் பெயரும், அதற்குக் கட்டணம் தம் கையிலிருந்த மூன்று ரூபாயே என்பதும் புலப்பட்டிருக்கும் என அவர் வரலாறு எழுதினோர் கூறுப. வண்டியில் உடனிருந்த மௌல்வி ஒருவர், திருவண்ணாமலைக்குச் செல்வோர் விழுப்புரத்தில் இறங்கி வண்டி மாறுதல் வேண்டும் எனத் தெரிவித்தார். அதன்படியே மறுநாள் வைகறையில் அவர் விழுப்புரத்தில் இறங்கினார். ஊருட் சென்று வழி தேடி அலைந்து, பசித்து, உணவுச்சாலை ஒன்றில் உண்டார். அதன் உரிமையாளர் இளைஞரின் நிலை கண்டு விலை பெற மறுத்துவிட்டார். கையிலிருந்த காசு மாம்பழப்பட்டு வரைக்குமே போதியதாயிற்று. அங்கிறங்கி ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவு நடந்து, பெண்ணையாற்றங்கரைப் பாறைமேல் விளங்கும் அறையணிநல்லூர்த் திருக்கோயிலை அடைந்தார். பின்னர்த் திருக்கோவலூர்க் கீழையூர் வீரட்டானத்தைச் சேர்ந்தார். மறுநாள் முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் தம் காதணியை ஈடுவைத்து நான்கு ரூபாய் பெற்று, செப்டம்பர் முதல் நாளன்று திருவண்ணாமலை புகுந்தார். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் உடல் நீங்கும்வரை அவ்வெல்லையை விட்டு அகன்றிலர்.

இச்செலவு யார் செயல்? அவர்தம் துணிபே காரணம் என்பார்க்கு, அத்துணிபு தெரிந்தெடுத்த ஊர் திண்டிவனமாதலும், சென்று சேர்ந்தது அவ்வூர் அன்றாதலும் தடையாகும். ஊழே காரணம், உயிரின் துணிபு ஒன்றுமன்று என்பார்க்கு, மனையை விட்டு எழுந்ததும், பத்துக் கல் நடந்ததும், காதணியைக் கழற்றியதும் துணிபின்றி நிகழ்ந்திலாமை தடையாகும். துணிபு பொய்யன்று, அது தானே முற்றுப்பெறுவதும் அன்று. சீட்டினை வாங்கியது அவர் அறிவு. அவ்வறிவின் குறையை நிரப்பியது அறியாத வழிப்போக்கர் ஒருவரின் சொல். உயிரின் செயலெல்லாம் இவ்வாறே, தன் முயற்சியும் தன்னைக் கடந்ததோர் உதவியும் கூடி நிகழ்வனவாம்.

சித்தாந்தம் கூறும் விடை

இனி, நம் ஆசிரியர் இதனை யாங்ஙனம் தீர்த்தனர் என்று காண்பாம். மேற்கூறிய மாம்பழப்பட்டு வழிக்குத் தெற்கே, தொலைவில்லாத திருவெண்ணெய்நல்லூரில், 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்ட தேவர் எழுந்தருளியிருந்து பன்னிரண்டு சூத்திரங்களால் சிவஞானபோதத்தை அருளிச் செய்தனர். அந்நூலின் இரண்டாஞ் சூத்திரம், இருவினைப் பயனை உயிர்கள் நுகருமாறு நடத்துவது இறைவனது ஆணையே என நிறுவுகின்றது. வினை சடமாகலின் தானே சென்று பற்றாது. ஐந்தாஞ் சூத்திரமோ, ஐம்பொறிகள் உயிரால் இயங்கியும் உயிரை அறியாமை போல, உயிரும் இறைவனால் இயங்கியும் அவனை அறியாது நிற்கின்றது என உணர்த்தி, காந்தத்தின் முன்னிலையில் இரும்பு இயங்குமாற்றை உவமை கூறுகின்றது. எனவே உயிர் பரதந்திரம் உடையது. இறைவன் ஒருவனே சுதந்திரன் என்பது பெறப்பட்டது.

அற்றேல், உயிர் இரும்பு போலும் சடமோ எனின், அன்று. இச்சை, ஞானம், கிரியை என்னும் மூன்றும் உயிர்க்கு இயல்பாக உள்ளன. ஆணவ மறைப்பால் அவை விளங்காது கிடக்கின்றன. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு. இருளில் அஃது இல்லாததுபோலக் கிடக்கும். ஒளி வந்துழி விளங்கும். ஒளி கண்ணைப் படைத்ததன்று. கண்ணும் ஒளியின்றிக் கண்டதன்று. ஒளி வந்தபின்னும், உயிர் உடன்நின்று அறிந்தாலன்றிக் கண் ஒன்றையும் காணமாட்டாது. ஒளியைப்போல் விளக்கி நிற்றலும், கண்ணுடன் உயிர் நிற்குமாறு போல உயிருடன் நின்று அறிதலும் ஆகிய இரண்டனையும் இறைவன் செய்தலால், காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என அவ்வுதவி இருவகைப்படுவதாயிற்று.

அங்ஙனமாயின் தீச்செயற்கும் இறைவனே பொறுப்பாவன் போலும் எனின், ஆகான். ஒரே விளக்கொளியில் ஒருவன் ஏடு படிக்கின்றான். மற்றொருவன் பிறர் பேழையைத் திறக்கின்றான். ஒளி இருவர்க்கும் ஒன்றே, நாட்டம் அவரவர்தே. அந்நாட்டம் ஆணவத்தானும் முன்னை வினையானும் பழகிய பழக்கம் பற்றி எழுவது. அப்பழக்கத்தை நுகர்வித்துத் தேய்த்து, உயிரைப் பக்குவப்படுத்தல் வேண்டி இறைவன் அதன்வழி நின்று நடத்துகின்றான். இது திரோதான சத்தியின் தொழிலாம்.

ஈண்டு ஓர் உண்மை ஊன்றி நோக்கற்பாலது. உரிமை என்பது உயிர்க்கு எக்காலத்தும் ஒரே அளவினதாய் உள்ளதொன்றன்று. கேவல நிலையில் ஆணவ இருளின் அழுந்திக் கிடக்கும் உயிர்க்கு அறிவும் இல்லை, விருப்பும் இல்லை. ஆகவே உரிமையும் இல்லை. சகல நிலையில் உடலும் கரணமும் பெற்றவழிச் சிறிது அறியும், சிறிது விரும்பும். எனவே உரிமையும் சிறிதே. அதுவும் யான், எனது என்னும் பற்றொடு கலந்தது. சுத்த நிலையில் அருளோடு கூடிச் சுதந்திரனாகிய முதல்வனைச் சார்ந்தவழி, சார்ந்ததன் வண்ணமாகும் தன்மையால், அதன் இச்சை ஞானக் கிரியைகள் தடையின்றி நிகழும். ஆகலின், உயிர் உரிமை உடையதோ என்று பொதுவகையால் வினாவுதல் வழுவாம். எந்நிலையிலுள்ள உயிர், எதனைச் சார்ந்து நிற்கும் உயிர் என வினாவுதலே முறை. உயிரின் உண்மையான உரிமை, எதனைச் சார்வது என்னும் அவ்வொன்றிலேயே அடங்கியுள்ளது.

இதற்குத் திருவெண்ணெய்நல்லூர் வரலாறே சான்றாகும். மணக்கோலத்து நின்ற நம்பியாரூரரை இறைவன் முதிய அந்தணராய் வந்து தடுத்து, வழிவழி அடிமை என ஓலை காட்டி வழக்கிட்டு, அவ்வூர் அவையத்தார் முன் வென்று ஆட்கொண்டனன். வழக்கின்போது நம்பிகள் சினத்தாற் கூறிய சொல் 'பித்தன்' என்பது. ஆட்கொள்ளப்பட்டபின், அச்சொல்லையே முதலாகக் கொண்டு பாடுக என்பது இறைவன் பணி. சொல் அதுவே, நா அதுவே, உயிரும் அதுவே, உடைமைதான் மாறியது. அதன்பின் நம்பிகள் விருப்பொழிந்து வாளாவிருந்தாரோ எனின், இல்லை. பொன் வேண்டினார், நெல் வேண்டினார், பரவையார் ஊடல் தீர்க்க இறைவனையே தூது போக்கினார். அடிமையாயினார் உரிமை இழந்தாரல்லர். தோழமை உரிமையே பெற்றார்.

அறிபவன் யார்

இனி, உணர்வின் இயல்பு ஆராயத்தக்கது. மனம் பற்றுகின்றது, புத்தி துணிகின்றது, அகங்காரம் யான் செய்தேன் என எழுகின்றது, சித்தம் சிந்திக்கின்றது. இவை நான்கும் மாயையின் காரியமாகிய கருவிகளே, உயிர் அல்ல. அமைச்சரொடு கூடிய அரசன் போல உயிர் இவற்றொடு கூடி நிற்கும் என்பது நான்காஞ் சூத்திரத்தின் கருத்து. அரசன் ஆணை இதுவென அமைச்சன் முழங்குதல்போல, அகங்காரம் உயிரின் பெயரால் முழங்குகின்றது. நாம் அம்முழக்கத்தையே உயிரென்று மயங்குகின்றோம்.

இம்மயக்கம் மேனாட்டு ஆராய்ச்சியாளரையும் தொட்டுள்ளது. 1983-ஆம் ஆண்டில் பெஞ்சமின் லிபெட் என்னும் அமெரிக்க அறிஞர், கையை வேண்டியபோது அசைக்குமாறு சிலரைப் பணித்து, அவர் மூளையின் மின்னியக்கத்தை அளந்தனர். அசைவிற்கு ஏறத்தாழ அரை நொடிக்கு முன்னரே மூளையில் ஆயத்தம் தொடங்கியது. அசைப்பேன் என்னும் எண்ணம் தமக்குத் தோன்றியதாக அவர்கள் குறித்த காலமோ, அசைவிற்கு நொடியில் ஐந்திலொரு பங்கு முன்னர்த்தாக இருந்தது. இதுகொண்டு தன்விருப்பு என்பது பொய்த்தோற்றம் எனச் சிலர் முடிபு கூறினர். லிபெட்டோ, எழுந்த எண்ணத்தைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் எஞ்சியுள்ளது என்றனர். அவ்வாயத்தம் துணிபே அன்று, மூளையில் இயல்பாக எழுந்து தாழும் அசைவின் திரட்சி என 2012-ஆம் ஆண்டில் வேறு சிலர் விளக்கினர். இவ்வழக்கு இன்னும் முடிந்திலது. ஆயினும் சித்தாந்தி இதனாற் கலங்கவேண்டுவதில்லை. யான் துணிந்தேன் என்னும் எண்ணம் கருவியின் தொழிலெனின், அது பிந்தி எழுதலில் வியப்பில்லை. அவ்வெண்ணம் முந்தியதா பிந்தியதா என்று அறிந்து கூறும் அறிவு எது என்பதே நம் வினா. அவ்வறிவு மின்னளவிற்கு உட்பட்டதன்று.

ஒடுக்கம் இருவகை

இரமணர் வகுத்த நெறியும் இவ்வினாவினையே வாயிலாகக் கொண்டது. 1898-ஆம் ஆண்டு திசம்பரில் அவர்தம் அன்னையார் பவளக்குன்றிற்கு வந்து வீடு திரும்புமாறு வேண்டியபோது, மௌனத்திலிருந்த அவர் விடையை எழுதிக் காட்டினார். உயிர்களை அவற்றின் பிராரத்தத்திற்கேற்ப நடத்துவான் ஒருவன் உளன் என்பதும், அவன் வகுத்ததை முயற்சி மாற்றாது என்பதும், ஆதலின் மௌனமே தக்கது என்பதும் அதன் கருத்து. 1901, 1902-ஆம் ஆண்டுகளில் சிவப்பிரகாசம் பிள்ளை என்பார் வினாவியவற்றிற்கு எழுதிய விடைகளே 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. எண்ணம் எழுந்துழி அது யார்க்கு எழுந்தது என வினாவி, 'நான்' என்னும் முதலெண்ணத்தின் பிறப்பிடத்தே நிற்றல் அந்நூல் காட்டும் பயிற்சி. 1928-ஆம் ஆண்டின் உள்ளது நாற்பதில், விதிக்கும் மதிக்கும் இடையிலான வழக்கு அவ்விரண்டின் வேரை அறியாதவர்க்கே உளதென அவர் கூறினர்.

1927-ஆம் ஆண்டில் அவர் இயற்றிய உபதேச உந்தியாரில், வினை சடமென்றும் இறைவன் ஆணையாற் பயன் தருமென்றும் தொடக்கத்தே கூறப்படுதல், நம் இரண்டாஞ் சூத்திரத்தொடு ஒத்தல் காண்க. அந்நூலுள்ளே மற்றொரு வேறுபாடும் காட்டப்பெற்றுளது. மூச்சினை நிறுத்த மனம் ஒடுங்கும். ஆயின் அவ்வொடுக்கம் மீண்டு எழுவதும், எழாது அழிவதும் என இருவகை. முன்னது இலயம், பின்னது நாசம்.

இவ்வேறுபாடே நம்மனோர்க்கு இன்றியமையாதது. மனம் அசைவற்று நின்றது என்னும் ஒன்றே கொண்டு ஞானம் எய்தியதாகக் கருதுவார் பெரிதும் ஏமாறுவர். உறக்கத்திலும் மனம் அசைவதில்லை, மயக்கத்திலும் அசைவதில்லை. அவையெல்லாம் கேவலத்தின் சாயல். ஆங்கு உயிரை மூடியிருப்பது ஆணவமே. பயிற்சியால் எண்ணங்களை நிறுத்தியவன் அவ்விருளிற் சென்று அமர்ந்து அதனையே பேரமைதி என எண்ணுதல் கூடும். சகலத்தினின்று சுத்தத்திற்கு ஏறுதற்கு இட்ட படியில், கால் வழுவிக் கேவலத்திற்கு இறங்குதல் இதுவேயாம். எண்ணம் நின்றதா என்பதன்று உரைகல். எண்ணத்திற்கு உடையன் யான் என்னும் தருக்கு நின்றதா என்பதே உரைகல்.

இதற்கும் திருவெண்ணெய்நல்லூரே பாடமாகின்றது. சகலாகம பண்டிதராகிய திருத்துறையூர் அருணந்தி சிவாசாரியர், இளம் பருவத்து மெய்கண்டாரிடம் மாணாக்கர் பலர் செல்லுதல் பொறாது அவர்பாற் சென்று, ஆணவத்தின் உருவம் யாது என வினாவினர். மெய்கண்டார் வாய்திறந்து விடை கூறாது, நின்ற அவரையே அடிமுதல் முடிவரை சுட்டி நோக்கினர் என்பது வழிவழி வந்த வரலாறு. வினாவியவர் அந்நொடியே அடிவீழ்ந்து மாணாக்கராயினர். பின் சிவஞான சித்தியாரை அருளினர். நூலறிவு அனைத்தும் நிரம்பியிருந்தும் காணப்படாத ஒன்று, தம்மைத் தாம் நோக்கியவழிக் காணப்பட்டது. நான் யார் எனத் திருவண்ணாமலையில் எழுதப்பட்ட வினாவும், சொல்லின்றிச் சுட்டப்பட்ட இவ்விடையும் உயிரைத் தன்பாலே திருப்புதலில் ஒத்தனவாம்.

ஒற்றுமையைக் கூறியவழி வேற்றுமையை மறைத்தல் நேர்மையன்று. தன்னை நாடிச் செல்வான் முடிவிற் காண்பது பிறிதில்லாத ஒரே ஆன்மா என்பது இரமணர் துணிபு. தன்னை நாடிக் கண்ட உயிர், தனக்கும் உயிராய் நிற்கும் சிவத்தைக் கண்டு அதனிற் பிரிப்பின்றி நிற்கும் என்பது சித்தாந்தத் துணிபு. தசகாரியத்துள் ஆன்மதரிசனத்தோடு நின்றுவிடின், கருவிகளின் நீங்கிய தன்னொளியையே முதல்வன் என மயங்குதல் கூடும். ஆகலின் ஆன்மசுத்தி, சிவரூபம், சிவதரிசனம், சிவயோகம், சிவபோகம் என மேலும் படிகள் வைக்கப்பட்டன. ஆயினும் தத்துவங்களை யான் அல்லேன் எனக் கழிக்கும் தொழிலுக்கு அவ்வினா வலிய கருவியாதலில் ஐயமில்லை. தம்முள் அவ்வுணர்வு விளங்கியபின், இரமணர் மதுரைத் திருக்கோயிலில் அறுபத்துமூவர் திருமுன் நின்று அவர்தம் அன்பு தமக்கும் வாய்க்கவேண்டும் எனக் கண்ணீர் பெருக்கினர் என்பதும் அவர் வரலாற்றிற் காண்பது. ஒடுங்கிய மனத்தில் விருப்பு முற்றும் அழிவதன்று, அது தூயதாகின்றது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

கடைப்பிடி

ஒன்பதாஞ் சூத்திரம் ஐந்தெழுத்தை விதிப்படி எண்ணுதலைப் பயிற்சியாக வகுத்தது. அவ்வைந்தனுள் நகரம் திரோதம், மகரம் மலம். சிகரம் சிவம், வகரம் அருள். இடைநின்ற யகரம் உயிர். இருபாலும் இவ்விரண்டிருக்க நடுவே நிற்கும் யகரத்தைக் கருதுமின். உயிரின் உரிமை முழுதும் அவ்வோரெழுத்தின் இருப்பிலே காட்டப்பட்டுளது. அது தனித்து நிற்கமாட்டாது. ஒருபாற் சாய்தலே அதற்கு இயல்வது. நமப்பக்கம் சாய்ந்து நின்று எண்ணங்களை நிறுத்தினால் இலயமாம்; சிவப்பக்கம் சாய்ந்தால், எண்ணம் எழினும் அது பணியாம். எனவே பயில்வார் மனத்தொடு போர் செய்தல் வேண்டா. எழுந்த எண்ணம் யார்க்கு எழுந்தது என நோக்கி, அவ்வுயிர் யாரைச் சார்ந்தது என மீட்டும் நோக்கி, ஐந்தெழுத்தின்கண் நிற்பாராக.

பயிற்சி செவ்விதின் நிகழ்கின்றதோ என அறிதற்கு மூன்று அடையாளம் கூறுதும். ஒன்று, புகழும் இகழும் வந்துழி உள்ளம் ஒருபெற்றியே நிற்றல். இஃது இருவினையொப்பின் தொடக்கம். இரண்டு, நித்திய கருமத்திலும் அடியார் பணியிலும் சோம்பல் தோன்றாமை. பேசாமையையே உபதேசமாகக் கொண்ட இரமணர், ஆச்சிரம அடுக்களையில் விடியுமுன் காய் நறுக்கியும் அரைத்தும் பணி செய்தமை பலரும் கண்டது. ஒடுக்கம் சோம்பலாயின் அது கேவலமே. மூன்று, செய்த நன்மையை யான் செய்தேன் என நெஞ்சு எடுத்தெண்ணாமை. செய்த பிழையை மட்டும் இறைவன்மேல் ஏற்றாமை.

முன்னர்க் கூறிய முடங்கலை இனி நினைமின். 'நான்' எனத் தொடங்கியது 'இது' என முடிந்தது. எனினும் செலவு நின்றிலது. துணிபும் இருந்தது, நடையும் இருந்தது. துணிந்தேன் யான் என்னும் கையொப்பமே இல்லையாயிற்று. பத்தாஞ் சூத்திரம் கூறும் இறைபணி நிற்றலும் இத்தன்மைத்தே. உயிர் செயலற்றுப் போவதன்று. தன் செயல் அற்றுப் போவது. அவ்வாறு நின்றார்க்கே மலமும் மாயையும் வினையும் நீங்குதல் கூறப்பட்டது. ஊழா, முயற்சியா என்னும் வழக்கு அந்நிலையில் தீர்க்கப்படுவதன்று. வழக்காடுவார் இன்மையின் தானே ஒழிவது.

மெய்கண்டார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்.